என்ஜின் போன வேகன்ஆர்: 85,000 செலவழிக்கலாமா, 60,000க்குக் கொடுத்துவிடலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2013 மாடல் வேகன்ஆர், பெட்ரோல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. மதுரையிலிருந்து திரும்பும்போது சாலைப்புதூர் டோல்கேட் தாண்டியதும் முன்பக்கம் ஆவி வந்திருக்கிறது. வழியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கங்கைகொண்டான் வரை ஓட்டியிருக்கிறார். அங்கே நின்ற வண்டி அப்புறம் கிளம்பவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்ட பட்டறையில், "என்ஜின் போயிட்டு, முழுசாப் பிரிச்சுப் பண்ணணும், 85,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஒரு புரோக்கர் வந்து, இப்படியே கொடுத்தால் 60,000 தருகிறேன் என்கிறார். ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் 1,90,000 போயிருக்கும் என்பதும் அவர் சொன்ன கணக்குதான். வீட்டில் வயதான அப்பா இருக்கிறார், மாதம் மூன்று நான்கு தடவை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். சரி செய்வதா, விற்பதா என்பது கேள்வி.

கேள்வி விலையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு பணத்தைப் போட்டால், அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து நம்பி ஓட்டுகிற வண்டி திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அது. பேட்டை ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 26 வருடமாகப் பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வண்டியை நான் பார்க்கவில்லை, அதனால் என்ன போயிருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் பார்த்தால் பணம் வீணாகாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. "என்ஜின் போயிட்டு" என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. வயிற்று வலி என்று சொல்வது மாதிரி. அஜீரணமாகவும் இருக்கலாம், குடல்வாலாகவும் இருக்கலாம். சூடேறி நின்ற என்ஜினில் பெரும்பாலும் மூன்று நிலை உண்டு. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருக்கலாம், கூடவே ஹெட் வளைந்திருக்கலாம். அடுத்தது, பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டர் சுவரைக் கீறியிருக்கலாம். கடைசியாக, ஆயில் தன் வழவழப்பை இழந்து பேரிங் உருகி, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற கிராங்க் ஷாஃப்டையே பிடித்திருக்கலாம். முதல் நிலை என்றால் அவர்கள் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியக்கூடிய வேலை. மூன்றாவது என்றால் 85,000 போதாது. மூன்றையும் ஒரே விலையில் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் கே சீரீஸ் என்ஜின். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். எடை குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும், பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அலுமினியம் எதுவானாலும் அதிகச் சூட்டைத் தாங்காமல் வளைந்துவிடும். என்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் குறைந்த பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த வளைவைக் கூட்டும். இன்னொரு ஏமாற்று வேலையும் அப்போது நடக்கும். சூட்டைக் காட்டுகிற சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் போய்விட்டால் அது காற்றில் நின்றுகொண்டு குறைத்துக் காட்டும். ஓட்டுகிறவர் சூடு இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதிப்பார். "பத்து கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன் அண்ணாச்சி" என்று என் பட்டறை வாசலில் வந்து நின்றவர்கள் நிறையப் பேர். அவர்களை நான் குறை சொன்னதில்லை. நாலுவழிச் சாலையில் இருட்டின பிறகு குடும்பத்தோடு நிற்பது எவ்வளவு பயம் என்பது எனக்கும் தெரியும்.

இப்போது நீங்களே பார்க்கக்கூடியவை. என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் உள்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக ஒட்டியிருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஈரத்திலும் அப்படி வரும். அடுத்து மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றச் சொல்லி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுலபமாகச் சுற்றினால் உங்களுக்குப் பாதி நிம்மதி, என்ஜின் ஜாம் ஆகவில்லை. பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் அந்தச் சிலிண்டரில் கேஸ்கெட் திறந்திருக்கிறது, இல்லையென்றால் ஹெட்டில் விரிசல். கொஞ்சமும் அசையவில்லை என்றால் மூன்றாவது நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும்கூட, ஆறின பிறகு பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் வைத்திருந்து மறுபடி முயன்று பார்க்கலாம். பிஸ்டன் மட்டும் பிடித்திருந்தால் சில சமயம் விடும்.

சுற்றுகிறது என்றால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பது. ஹெட்டைத் திறக்காமலே செய்யலாம், செலவு அதிகம் இல்லை. இந்த அளவு பெட்ரோல் என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். அந்த எண்ணைவிட மூன்று சிலிண்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் நான் கவனிப்பேன். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாக இறங்கியிருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு சின்ன கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் விட்டதும் ஏறினால் ரிங், பிஸ்டன் பக்கம் கோளாறு. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். இதைச் செய்யாமல் விலை சொல்கிற பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஹெட்டை மட்டும் இறக்கிப் பார்க்கச் சொல்லலாம். இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. பிரிக்காத வண்டிக்கு ஒரு விலை, பிரித்துச் சாக்கில் கட்டி வைத்த வண்டிக்கு வேறு விலை. என்ஜினை முழுதாக இறக்கிப் பாகம் பாகமாகப் போட்ட பிறகு விற்க நினைத்தால் 60,000கூடக் கிடைக்காது. அதனால் புல்லியும் கம்ப்ரஷனும் பார்த்த பிறகு, "ஹெட்டை மட்டும் கழற்று, கீழே கை வைக்காதே, என்னைக் கூப்பிடு" என்று சொல்லி, அதற்கான கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றினதும் சிலிண்டர் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் அது ரிங் மாற்றிச் சரியாகாது. ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்ப்பார்கள். பல சின்ன என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அதற்கு மேல் என்றால் லேத்தில் ஃபேஸ் பிடிக்க வேண்டும், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். ஃபேஸ் பிடிப்பதற்கு முன்னால் ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸ் பிடித்து வாங்கிக்கொண்டு வந்து மாட்டுவது, கிழிந்த சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரி. பிளாக்கின் மேல்தளத்திலும் அதே நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பிளாக்கை விட்டுவிடுகிறார்கள்.

இனி பணக் கணக்கு. சரி செய்து விற்பது என்றால் 1,90,000இல் 85,000 போக 1,05,000 கையில் நிற்கும், 60,000ஐவிட 45,000 லாபம் என்று தோன்றும். நடப்பது வேறு. என்ஜின் வேலையில் முதலில் சொன்ன தொகையோடு முடிந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவர் என்ஜின் வேலை பார்த்த வண்டி என்று தெரிந்ததும் ஒரு இருபதாயிரம் குறைப்பார். நீங்கள் அதை மறைக்கப் போவதில்லை, மறைக்கவும் கூடாது. மிச்சம் 70,000. பத்தாயிரம் ரூபாய்க்காக இரண்டு மாதம் பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைவது. விற்பதுதான் முடிவு என்றால் செலவே செய்யாமல் விற்றுவிடுங்கள்.

வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 60,000க்குக் கொடுத்துவிட்டு இதே மாதிரி ஒரு வேகன்ஆரை வாங்க இன்னும் 1,30,000 போட வேண்டும். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், வாங்கினதும் வருகிற டயர், பேட்டரிச் செலவு எல்லாம் தனி. அதோடு வருவது யாரோ ஒருவர் ஓட்டிய வண்டி. அவர் எதற்கு விற்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் எப்போது ஆயில் மாற்றினீர்கள், எங்கே இடித்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்தத் தெரிந்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் என்ஜினைத் தவிர மற்றது நன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கதவின் அடிப்பக்கம், பின்டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினால் தெரிகிற தகடு, முன்சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடம் மூன்றையும் பாருங்கள். உவரி, கூடுதாழை பக்கம் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்புக்காற்று தின்றிருக்கும். கல்லிடைக்குறிச்சியில் நின்ற வண்டிக்கு அந்தப் பயம் குறைவு. துரு பிடித்த பாடிக்கு என்ஜின் வேலை செய்ய நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, 2013 வண்டிக்கு 2028இல் பதினைந்து வருடம் முடிகிறது. அதற்குப் பிறகு ஓட்டலாம், ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

85,000க்குப் பதிலாகப் பழைய என்ஜின் ஒன்றை மாட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் நிறைய வருகிறது. கிராங்க் போன என்ஜினுக்கு அது நல்ல வழிதான், ஆனால் மூன்று விஷயம் வேண்டும். மாட்டுவதற்கு முன் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். என்ஜின் நம்பரோடு பில் வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாள் வேண்டும். பிறகு ஆர்டிஓவில் அந்த நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸிலும் மாற்ற வேண்டும். பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நம்பர் பொருந்தவில்லை என்று இன்ஷூரன்ஸில் பணம் தரவும் மறுப்பார்கள். கடைக்காரர் தருகிற வாரண்டியை எழுதி வாங்குங்கள். பலருடைய வாரண்டி வண்டி ஸ்டார்ட் ஆகிற வரைக்கும்தான்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, வண்டி ஏன் சூடேறியது என்பதுதான். பல வருடம் முன்பு வீரவநல்லூரிலிருந்து வந்த ஒரு வண்டிக்கு முழு என்ஜின் வேலை பார்த்துக் கொடுத்தேன். ரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது. ரேடியேட்டரை மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் பழையதையே மாட்டினேன், அவர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்பதற்காக. நாலு மாதத்தில் அதே வண்டி அதே கோளாறோடு வந்தது. கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு பாறையாகப் படிந்திருந்தது, பாதி குழாயில் ஓட்டமே இல்லை. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை, ஆனால் அவருடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சூடேறி வந்த வண்டிக்கு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட் நான்கையும் பார்க்காமல் என்ஜினைக் கட்டுவதில்லை. உங்கள் 85,000இல் இது அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிப் போட்டுடலாம்" என்று சொன்னால் விடாதீர்கள். அது கூலன்ட் சூடான பிறகு, ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியில், திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் கதவு. கழற்றிவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில என்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். கலக்க வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர். வீட்டுக் குழாய்த் தண்ணீர் தாமிரபரணித் தண்ணீராகவே இருந்தாலும் வேண்டாம்.

எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், பாகத்துக்கு எவ்வளவு, லேத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். ஹெட் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவார்களா என்று கேளுங்கள், கை அளவுக்கு இறுக்குகிறவரிடம் அலுமினிய ஹெட்டைக் கொடுக்கக் கூடாது. என்ஜினை இறக்குகிற நிலை வந்தால் கிளட்ச் பிளேட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள், கூலி மிச்சம்.

விற்பது என்று முடிவானால் ஒரு புரோக்கரோடு நிற்காமல் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். என்ஜின் போச்சு என்று சொன்ன பட்டறையும் வாங்க வந்தவரும் தெரிந்தவர்களா என்று நாசூக்காக விசாரியுங்கள். தெரிந்தவர்கள் என்பதாலேயே தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் இன்னொரு பட்டறையில் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்த பிறகே விலை பேசுங்கள். பணம் வாங்கின அன்றே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு, நீங்களே ஆர்டிஓவுக்குத் தெரிவித்துவிடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் போய் மாதக்கணக்கில் பெயர் மாற்றாமல் கைமாற்றுகிற வழக்கம் நம் பக்கம் அதிகம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வண்டி அதற்குள் நாலு கை மாறியிருந்தது. இன்ஷூரன்ஸில் கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தால் அதை வண்டியோடு விட்டுவிடாதீர்கள். அது உங்களுடையது, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சான்று வாங்கி அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

என்னைக் கேட்டால், கோளாறு ஹெட்டோடு நின்றிருந்தால் யோசிக்காமல் சரி செய்யுங்கள். பிஸ்டன், ரிங் வரை போயிருந்தாலும் பாடி சுத்தமாக இருந்து, இன்னும் மூன்று வருடமாவது ஓட்டுவீர்கள் என்றால் சரி செய்வதுதான் என் கருத்து. கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போயிருந்தால் விற்றுவிடுங்கள், நல்ல பில்லோடு பழைய என்ஜின் கிடைத்தால் தவிர. அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் அப்பாவை வாடகைக் காரில் கூட்டிப் போகிற செலவு, தப்பான முடிவின் செலவைவிடக் குறைவு.

அதுவரை பட்டறையில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். யாரும் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களில், வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்குத்தான் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்தது. தொடாமல் இழுத்து வந்தவர்கள் கொஞ்சச் செலவோடு தப்பித்தார்கள். உங்கள் சிலிண்டருக்குள்ளும் இப்போது தண்ணீர் நிற்கக்கூடும். பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்க்கிற வரைக்கும் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிடச் சொல்லுங்கள்.